நுரையீரல் புற்றுநோய்: சிகிச்சை வேலை செய்கிறதா என்று ஸ்கேனில் எப்போது, எப்படித் தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் எடுக்கப்படும் ஸ்கேன்களைப் பற்றி நோயாளிகளும் உடன் வருபவர்களும் ஓயாமல் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். மரபணு மாற்றத்துக்கான மாத்திரை, இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியை ஏவும் சிகிச்சை) பற்றிய பதில்கள், நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் சிறுசெல் அல்லாத வகையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் படங்களை நேரில் பார்த்த டாக்டரின் முடிவுக்கு இது மாற்று இல்லை; அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

கீமோ ஆரம்பிச்சு ரெண்டு வாரம்தான் ஆகுது. இப்பவே ஒரு சிடி எடுத்துப் பார்த்தா குறைஞ்சிருக்கான்னு தெரிஞ்சிடாதா?

தெரியாது. மருந்து பட்டுச் செல்கள் செத்தாலும் அந்தச் சிதைவை உடல் அகற்ற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கட்டி பழைய அளவிலேயே நிற்கலாம். 21 நாளுக்கு ஒருமுறை கீமோ என்றால், 2 சுற்று முடிந்து 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் மதிப்பீட்டு சிடி எடுப்பது வழக்கம்.

அவசரப்பட்டு எடுப்பதில் பணம் மட்டும் வீணாவதில்லை. "மாற்றமில்லை" என்ற ஒரு வரியைப் பார்த்து, அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கிய மருந்தைக் கைவிட நேரலாம். இந்த நோய்க்கு அடுத்தடுத்துக் கொடுக்க எண்ணற்ற மருந்துகள் இல்லை. ஒன்றை வீணாக்குவது பெரிய இழப்பு.

உடல்நிலை மோசமானால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மூச்சுத்திணறல் கூடுவது, இருமலில் ரத்தம், முதுகுவலியோடு கால் தளர்வது, புதிதாகத் தலைவலியும் வாந்தியும்: இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதல் ஸ்கேன் ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்தாச்சு. மறுபடி எதுக்கு ஒண்ணு எடுக்கச் சொல்றாங்க?

ஒப்பிடுவதற்கான முதல் ஸ்கேன் சிகிச்சை தொடங்குவதற்கு 4 வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. காரணம் ஒரு சின்னக் கணக்கில் புரியும். பழைய ஸ்கேனில் கட்டி 40 மி.மீ. பயாப்சி, மரபணுச் சோதனை என்று நாட்கள் ஓடி, கீமோ தொடங்கும்போது அது 52 மி.மீ. ஆகிவிட்டது. இரண்டு சுற்றுக்குப் பிறகு 36 மி.மீ. பழைய படத்தோடு ஒப்பிட்டால் குறைந்தது 10 சதவீதம்தான். உண்மையில் குறைந்தது 30 சதவீதத்துக்கும் மேல். முதல் கணக்கில் "மாற்றமில்லை" என்று வரும் அதே நோயாளி, இரண்டாவது கணக்கில் நல்ல பலன் கண்டவர்.

உடம்புல பத்து இடத்துல கட்டி இருக்குன்னு ரிப்போர்ட்ல இருக்கு. ஆனா அஞ்சை மட்டும்தான் அளந்திருக்காங்க. மத்ததை விட்டுட்டாங்களா?

விடவில்லை. 2009-இல் திருத்தி வெளியிடப்பட்ட ரெசிஸ்ட் 1.1 என்ற அளவுகோலின்படி, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி அளக்க வசதியான, அதிகபட்சம் 5 கட்டிகளை, ஒரு உறுப்பில் 2-க்கு மேல் போகாமல், இலக்காகத் தேர்ந்தெடுப்பார்கள். கட்டி என்றால் நீண்ட விட்டம் குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும். நிணநீர் முடிச்சு என்றால் குறுகிய விட்டம் குறைந்தது 15 மி.மீ.; முடிச்சு 10 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் அதை இயல்பானதாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்த விட்டங்களைக் கூட்டி வரும் மொத்தத்தைத்தான் ஒவ்வொரு முறையும் ஒப்பிடுகிறார்கள்.

மீதியுள்ளவை, நுரையீரலைச் சுற்றிக் கட்டும் நீர், எலும்பை அரிக்காத புள்ளிகள் போன்றவை, "இருக்கிறது, போய்விட்டது, தெளிவாகக் கூடிவிட்டது" என்று பார்வையால் மதிப்பிடப்படும். அவற்றில் ஐயத்துக்கு இடமில்லாத வளர்ச்சி இருந்தால், அளந்த ஐந்தும் சுருங்கியிருந்தாலும், நோய் முன்னேறியதாகவே கணக்கு.

3 சென்டிமீட்டர் கட்டி 2.7 ஆயிருக்கு. குறைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. நுரையீரல் புற்றுநோயாளிகள் 32 பேருக்கு ஒரே நாளில் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை சிடி எடுத்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கட்டி வளரவோ சுருங்கவோ நேரமே இல்லை. அப்படியும், கணினி உதவியோடு அளந்த விட்டத்தில் 7 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருந்தது. ஒருவர் அளந்ததை அடுத்த முறை வேறொருவர் அளந்தால் வித்தியாசம் இன்னும் கூடும், அதிலும் கட்டியின் ஓரம் முட்கள் போல நீண்டிருந்தால்.

இதனால்தான் எல்லைகளைத் தாராளமாக வைத்திருக்கிறார்கள். மொத்த விட்டம் 30 சதவீதம் குறைந்தால் "பகுதி பலன்". 20 சதவீதம் கூடி, அந்தக் கூடுதல் 5 மி.மீ.யாவது இருந்தால் "முன்னேற்றம்", அதாவது நோயின் முன்னேற்றம். இடைப்பட்டதெல்லாம் "ஸ்டேபிள்". விட்டத்தில் 30 சதவீதம் என்பது சின்ன மாற்றமாகத் தோன்றலாம். உருண்டைக் கட்டியின் கன அளவில் அது ஏறத்தாழ 66 சதவீதக் குறைவு.

அப்போ 'ஸ்டேபிள்'னா மருந்து வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?

இல்லை. வளர்ந்துகொண்டிருந்த கட்டி நின்றிருக்கிறது. இருமல் குறைந்து, பசி எடுத்து, எடை நிலைத்திருந்தால், தாங்கக்கூடிய மருந்தைத் தொடர்வதே பெரும்பாலும் சரியான முடிவு.

கட்டி பாதியா குறைஞ்சுது. இப்போ கொஞ்சம்தான் கூடியிருக்கு, முதல்ல இருந்ததை விடச் சின்னதுதான். அதுக்குள்ள ஏன் மருந்தை மாத்தணும்ங்கறாங்க?

சுருங்கியதைக் கணக்கிட முதல் ஸ்கேனோடு ஒப்பிடுவார்கள். வளர்ந்ததைக் கணக்கிட, இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவோடு ஒப்பிடுவார்கள். மொத்தம் 100 மி.மீ.யில் தொடங்கி 50-க்கு இறங்கி இப்போது 62 என்றால், 50-லிருந்து 12 மி.மீ., அதாவது 24 சதவீதம் கூடியிருக்கிறது. மருந்துக்கு அடங்காத செல்கள் தலையெடுத்துவிட்டன என்பதன் அடையாளம் அது. மாறாக, மொத்தம் 15 மி.மீ. இருந்தது 19 ஆனால் 27 சதவீதம் கூடியதாக வரும். ஆனால் கூடியது 4 மி.மீ.தான், அளவைப் பிழையாகவும் இருக்கலாம், ஆகவே அதை முன்னேற்றமாகக் கொள்வதில்லை.

இந்த அளவுகோல் மருந்து ஆய்வுகளுக்காக உருவானது. 20 சதவீதத்தைத் தாண்டிய அன்றே மருந்தை நிறுத்தியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. குறிப்பாக மரபணு மாற்றத்துக்கான மாத்திரைகளில், நோயாளி நலமாக இருந்து வளர்ச்சி மெதுவாக இருந்தால், அதே மாத்திரையைச் சில காலம் தொடர்வது உண்டு.

ரெண்டு சிடியும் ஒரே மெஷின்லதான் எடுக்கணுமா?

முடிந்தால் அதே சென்டர், அதே மெஷின். முடியாவிட்டால் எடுக்கும் முறையாவது ஒன்றாக இருக்கட்டும். படத்தின் துண்டுத் தடிமன் 5 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். மூச்சை முழுவதும் இழுத்துப் பிடித்த நிலையில் எடுக்க வேண்டும். முதல் முறை கான்ட்ராஸ்ட் ஊசி போட்டிருந்தால் இம்முறையும் போட வேண்டும். மூச்சுக்குழாய் அடைபட்டு நுரையீரலின் ஒரு பகுதி மடிந்துபோனவர்களுக்கு இந்த ஊசி மிக முக்கியம். ஊசி இல்லாத படத்தில் கட்டி எங்கே முடிகிறது, மடிந்த நுரையீரல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை. அடைப்பு விலகி நுரையீரல் விரிந்தால் கட்டியே பாதி கரைந்ததாகத் தவறாகப் படும்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால், ஊசிக்கு முன் புதிய கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்பார்கள். கையோடு கொண்டு போங்கள். பழைய ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையோ பென்டிரைவையோ தவறாமல் கொடுங்கள். பழைய ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. படம் இருந்தால்தான் அதே கட்டியை அதே திசையில் அளக்க முடியும். ஸ்கேனுக்கு டாக்டர் எழுதும் சீட்டில் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசி டோஸ் தேதி, ரேடியேஷன் எந்த இடத்தில் எப்போது முடிந்தது என்ற நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கீழே வரும் பல குழப்பங்கள் இந்த நான்கு வரி இல்லாததால் நேர்பவை.

சிடி இருக்கும்போது பெட் சிடி எதுக்கு? விலையும் அதிகமா இருக்கே?

சிடி அளவைக் காட்டுகிறது. பெட் செல்களின் சர்க்கரைப் பசியைக் காட்டுகிறது. கதிரியக்க ஃபுளூரின் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று பார்ப்பார்கள். சர்க்கரை உறிஞ்சுவது முதலில் குறையும். உருவம் பிறகுதான் சுருங்கும். 2003-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், முற்றிய நோயுள்ள 57 பேருக்கு ஒரே ஒரு சுற்றுக் கீமோவுக்குப் பிறகு பெட் எடுத்தார்கள். உறிஞ்சும் அளவு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் சிகிச்சை பலன் கூடுதலாக இருந்தது. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கான மாத்திரைகளில் இந்த மாற்றம் முதல் ஓரிரு வாரங்களிலேயே தெரியக்கூடும்.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் இரண்டாம் வாரமே பெட் எடுப்பதில்லை? சீக்கிரம் தெரிந்துகொண்டு மருந்தை மாற்றுவதால் ஆயுள் கூடுகிறது என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆகவே வழக்கமான மதிப்பீட்டுக்குச் சிடியே போதும். கட்டிக்கும் மடிந்த நுரையீரலுக்கும் வேறுபாடு தெரியாதபோதும், எலும்பில் ஐயம் இருக்கும்போதும், ஆபரேஷன் அல்லது முழு அளவு ரேடியேஷனுக்குத் திட்டமிடும்போதும் பெட் கொடுக்கும் பணத்துக்குத் தகும். ஒரு சென்டிமீட்டருக்குச் சிறிய புள்ளிகளில் அதை நம்ப வேண்டாம்; அவை இருப்பதைவிட மங்கலாகத் தெரியும்.

எஸ்யூவி 9ல இருந்து 6 ஆயிருக்கு. ஆனா வேற சென்டர்ல எடுத்தோம். நம்பலாமா?

எஸ்யூவி என்பது கட்டி எவ்வளவு குளுக்கோஸை உறிஞ்சியது என்று பெட்டில் காட்டும் எண். 33 சதவீதக் குறைவு நல்ல செய்திதான், இரண்டும் ஒரே நிலையில் எடுக்கப்பட்டிருந்தால். பெர்சிஸ்ட் என்ற 2009-ஆம் ஆண்டு அளவுகோல் 30 சதவீதக் குறைவும், எண்ணில் 0.8 குறைவும் கேட்கிறது. அது பயன்படுத்துவது ரிப்போர்ட்டில் வழக்கமாக வரும் உச்ச எஸ்யூவி அல்ல; கட்டியில் மிக ஒளிரும் ஒரு கன சென்டிமீட்டர் பகுதியின் சராசரியைக் கொழுப்பு நீக்கிய உடல் எடைக்குச் சரிசெய்த எண். சிகிச்சையில் 10 கிலோ இளைத்தவருக்குச் சாதாரண எஸ்யூவி, கட்டியில் மாற்றம் இல்லாமலேயே இறங்கிக் காட்டும். இந்தச் சரிசெய்தல் அதைத் தவிர்க்கிறது.

ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் படம் எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 60 நிமிடம் முறையானது. கட்டி நேரம் ஆக ஆக மேலும் உறிஞ்சிக்கொண்டே போகும். ஒருமுறை 60, மறுமுறை 90 என்றால் அந்த எண்களை ஒப்பிடக் கூடாது. எளிய சோதனை ஒன்று உண்டு: இரண்டு ரிப்போர்ட்டிலும் கல்லீரலின் சராசரி எண்ணைக் கேளுங்கள். நோயில்லாத கல்லீரலின் எண் இரண்டிலும் 20 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எடுத்த முறையில் கோளாறு. கட்டியின் எண்ணும் அதே அளவு ஐயத்துக்குரியது.

அம்மாவுக்குச் சுகர் இருக்கு. பெட் எடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை போடலாமா?

குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். காபி, இளநீர், குளுக்கோஸ் தண்ணீர், இனிப்பான இருமல் மருந்து எதுவும் கூடாது. ரத்தச் சர்க்கரை 200 மி.கி.க்குக் கீழே இருந்தால்தான் பொதுவாக எடுப்பார்கள். அதற்கு மேல் இருந்தால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையே கட்டிக்குள் போட்டி போட்டு நுழையும்; கட்டி மங்கித் தெரியும், பலன் கிடைத்ததாகப் பொய்யாகப் படும்.

சர்க்கரையை இறக்குவதற்காக ஸ்கேனுக்குச் சற்று முன் இன்சுலின் போட்டுக்கொள்வது இதைவிட மோசம். ஊசியில் ஏற்றிய குளுக்கோஸ் முழுக்கத் தசைகளுக்குப் போய்விடும். வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கும் பெட் ஊசிக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்யும். வயிற்றுப் பகுதியில் ஐயம் இருந்தால் 48 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். முந்தைய நாள் கடும் உடலுழைப்பு வேண்டாம். ஊசி போட்டபின் பேசாமல், குளிராமல் போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

ரேடியேஷன் முடிஞ்சு ஒரு மாசத்துல பெட் எடுத்தோம். முன்னை விட அதிகமா ஒளிருது. கேன்சர் போகவே இல்லையா?

அந்த ஒளி பெரும்பாலும் கதிர் பட்ட நுரையீரலின் அழற்சி. அழற்சிச் செல்களும் குளுக்கோஸை விரும்பி உறிஞ்சும்; பெட்டுக்கு அவற்றைப் புற்றுநோயிலிருந்து பிரித்தறியத் தெரியாது. அதனால்தான் ரேடியேஷனுக்குப் பிறகு 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். கீமோவுக்குப் பிறகு குறைந்தது 10 நாள். வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும், இரண்டு வாரமாவது இடைவெளி நல்லது.

துல்லியமான உயர் அளவுக் கதிரான எஸ்பிஆர்டி எடுத்தவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் திட்டுத்திட்டாக வெண்மை வரும், பிறகு அது சுருங்கித் தழும்பாகும். 12 மாதத்துக்குப் பிறகும் வளர்வது, அடுத்தடுத்த ஸ்கேனில் தொடர்ந்து பெரிதாவது, நேரான ஓரம் உப்புவது, உள்ளே தெரிந்துகொண்டிருந்த காற்றுக் கோடுகள் மறைவது: கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் இவை.

இம்யூனோதெரபி ரெண்டு டோஸ் ஆச்சு. கட்டி பெரிசாயிருக்கு. ஆனா டாக்டர் 'இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்'ங்கறார். ரிஸ்க் இல்லையா?

இம்மருந்து நேரடியாகக் கட்டியைக் கொல்வதில்லை. நம் எதிர்ப்பு அணுக்களை ஏவுகிறது. அவை கட்டிக்குள் திரளும்போது கட்டி தற்காலிகமாக வீங்கலாம், முன்பு கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் புதிதாகத் தோன்றலாம். பொய் முன்னேற்றம் என்பது இதுதான். 2017-இல் வந்த ஐரெசிஸ்ட் விதிகள் இதற்காகவே ஒரு இடைநிலையை வைத்தன: முதல் வளர்ச்சி "உறுதியாகாதது". 4 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கேன். அதிலும் மேலும் வளர்ந்திருந்தால்தான் உறுதி.

இதில் குடும்பத்தார் ஒன்றை நேராகப் புரிந்துகொள்ள வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் பொய் முன்னேற்றம் அரிது. நூற்றில் சிலருக்கே நேர்கிறது. வளர்ந்த கட்டிகளில் பெரும்பாலானவை உண்மையாகவே வளர்ந்தவை. காத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது படத்தைவிட நோயாளியின் உடல்நிலை. நடமாட்டமும் பசியும் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம். ஆள் தளர்ந்துகொண்டே வந்தால், அது பொய் முன்னேற்றம் என்ற நம்பிக்கையில் நாளைக் கடத்தக் கூடாது.

நுரையீரலில் புதிதாக வரும் மங்கல், மருந்தால் வந்த நிமோனைட்டிஸாகவும் (நுரையீரல் அழற்சி) இருக்கலாம். காய்ச்சல் இல்லாத வறட்டு இருமல், ஆக்சிஜன் அளவு குறைவது இவற்றோடு வந்தால் அது அவசரம்.

ஈஜிஎஃப்ஆர் மாத்திரை சாப்பிடறார். கட்டி நடுவுல ஓட்டை விழுந்திருக்கு, எலும்புல புதுசா புள்ளி வந்திருக்குன்னு எழுதியிருக்காங்க. பரவுதா?

இரண்டுமே நல்ல அறிகுறியாக இருக்க வாய்ப்புண்டு. கட்டியின் நடுப்பகுதி செத்து, மூச்சுக்குழாய் வழியே வெளியேறினால் உள்ளே குழி விழும். வெளிவிட்டம் மாறாததால் வழக்கமான அளவு "ஸ்டேபிள்" என்று காட்டும். குழியின் அளவைக் கழித்துப் பார்த்தால் உண்மையான சுருக்கம் தெரியும். குழி மெல்ல மீண்டும் நிரம்பினால் அது கெட்ட செய்தி, வெளிவிட்டம் அப்படியே இருந்தாலும்.

எலும்பில் முன்பே இருந்த, சிடியில் தெரியாத பரவல், மருந்தால் ஆறும்போது சுண்ணாம்பு சேர்ந்து வெள்ளையாகும். அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணில் படும். நுரையீரல் கட்டி சுருங்கி, வலியும் குறைந்து, எலும்பில் மட்டும் வெண்புள்ளிகள் வந்தால், அதை ஆறும் தழும்பாக எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்கேன்வரை பொறுப்பதே முறை. எலும்பை அரித்து மென்திசுவோடு வரும் புதுக் கட்டி அப்படியல்ல, அது பரவல்தான்.

பெட்ல தலையும் பார்த்தாச்சே, மூளைக்குத் தனியா எம்ஆர்ஐ எதுக்கு?

மூளை இயல்பாகவே குளுக்கோஸை அள்ளி உறிஞ்சும். பெட்டில் மூளை முழுக்க ஒளிர்வதால் சிறு பரவல் அதற்குள் மறைந்துவிடும். கான்ட்ராஸ்ட் போட்ட எம்ஆர்ஐதான் நம்பகமானது.

எல்லா கட்டியும் சுருங்கிடுச்சு, ஒண்ணு மட்டும் பெரிசாயிருக்கு. மருந்து தோத்துடுச்சா?

முதலில் அந்த ஒன்று புற்றுநோய்தானா என்று பார்க்க வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. காசநோய்த் திட்டும் பெட்டில் புற்றுநோய் போலவே ஒளிரும். சிகிச்சையால் எதிர்ப்பு குன்றியவர்களுக்கு உறங்கிக்கிடந்த காசநோய் கிளம்புவதும் உண்டு. இம்யூனோதெரபியில் நெஞ்சின் இருபுறமும் நிணநீர் முடிச்சுகள் சமமாக வீங்குவது சார்காய்டு என்ற, புற்றுநோய் அல்லாத அழற்சி நோயைப் போன்ற எதிர்வினையாகவும் இருக்கலாம். அந்த இடத்திலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் மருந்தை மாற்றுவது தவறு.

திசுவில் புற்றுநோயே வந்தால், அதே மாதிரியில் எதிர்ப்பு மரபணு மாற்றம் உண்டா என்று சோதிக்கலாம். அந்த ஓரிடத்துக்கு மட்டும் கதிர் கொடுத்து, மற்ற இடங்களில் வேலை செய்யும் மருந்தைத் தொடர்வதும் நடைமுறையில் உள்ள வழி.

இத்தனை ஸ்கேன் எடுத்தா அந்தக் கதிரே கெடுதல் பண்ணாதா?

ஒரு நெஞ்சு சிடியில் ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியாக ஏறத்தாழ 2.4 முதல் 3. பெட் சிடி இதைவிடக் கூடுதல். இதனால் கேடு வருமென்றாலும் பல ஆண்டுகள் கழித்து, மிகச் சிறிய அளவில்தான். இப்போதைய நோயைத் தவறாக மதிப்பிடுவதன் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு. பெட் ஊசியின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும்; அன்று சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காமல் இருந்தால் போதும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி இம்யூனோதெரபி கொடுத்தாங்க. ஸ்கேன்ல பெரிசா குறையல, நெறிக்கட்டி வேற புதுசா ஒளிருது. இனிமே ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?

இங்குதான் ஸ்கேன் அதிகமாக ஏமாற்றுகிறது. 2018-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து இரண்டு டோஸ் பெற்ற 21 பேரில் 2 பேருக்குத்தான் சிடியில் 30 சதவீதச் சுருக்கம் தெரிந்தது. ஆனால் அறுத்தெடுத்த 20 கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது 9-இல் உயிருள்ள புற்றுச்செல் 10 சதவீதமோ அதற்குக் குறைவோதான் இருந்தது. மீதி இடத்தை எதிர்ப்பு அணுக்களும் தழும்புத் திசுவும் நிரப்பியிருந்தன. சிடிக்கு அவையும் கட்டியாகவே தெரியும்.

புதிதாக ஒளிரும் முடிச்சுகளும் அப்படியே. மருந்தால் தூண்டப்பட்ட முடிச்சு, புற்றுநோய் இல்லாமலேயே வீங்கி ஒளிரலாம். அதனால் "முடிச்சில் பரவிவிட்டது" என்று ஸ்கேனை மட்டும் வைத்து ஆபரேஷனை ரத்து செய்யக் கூடாது. மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்டு உதவியோடு ஊசி செலுத்தி அந்த முடிச்சிலிருந்து திசு எடுக்கும் ஈபஸ் சோதனையைக் கேளுங்கள். அதன் முடிவு கையில் இருக்கும்போதுதான் நெஞ்சு அறுவை மருத்துவரோடு இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.